மின்புலத்தால் அடுக்குகளைத் திருப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி இயற்பியலில் மின்தேக்கி படித்தது நினைவிருந்தால் இந்தப் பக்கத்துக்கு அது போதும். கணக்குகள் உண்டு, ஆனால் எல்லாம் பெருக்கல், வகுத்தல் அளவில்தான்.

எந்தப் பொருட்களைப் பற்றிய பேச்சு இது?

தானாகவே அடுக்கடுக்காக அமைந்துகொள்ளும், ஆனால் கெட்டியாக இறுகிப்போகாத பொருட்கள். மூன்று குடும்பங்கள் முக்கியமானவை.

முதலாவது பிளாக் கோபாலிமர்கள். ஒன்றோடொன்று சேராத இரண்டு பாலிமர் சங்கிலிகளை முனையில் இணைத்துவிட்டால், அவற்றுக்குப் பிரிந்து போகவும் வழியில்லை, கலக்கவும் விருப்பமில்லை. கடைசியில் இது ஒரு அடுக்கு, அது ஒரு அடுக்கு என்று மாறி மாறி அமைகின்றன. ஒரு சோடி அடுக்கின் தடிமன் பொதுவாக 10 முதல் 100 நானோமீட்டர். ஆய்வுக்கூடங்களில் அதிகம் அடிபடும் சோடி பாலிஸ்டைரீனும் அக்ரிலிக்கும் (முழுப்பெயர் பாலிமெத்தில் மெத்தக்ரிலேட்).

இரண்டாவது ஸ்மெக்டிக் திரவப் படிகங்கள். குச்சி வடிவ மூலக்கூறுகள் வரிசையாக நின்று, சில நானோமீட்டர் தடிமனுள்ள அடுக்குகளாகின்றன. ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் அவை திரவம்போல் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். ஸ்மெக்டிக், நெமாட்டிக் என்ற வகைப்பாட்டை 1922-இல் ஜார்ஜ் ஃபிரீடல் வகுத்தார்.

மூன்றாவது, நீரில் சோப்பு மூலக்கூறுகளோ கொழுப்பு மூலக்கூறுகளோ கட்டும் சவ்வுகள்.

மூன்றுக்கும் ஒரே சிக்கல்தான். தானாக அமையும்போது எல்லா அடுக்குகளும் ஒரே பக்கம் பார்ப்பதில்லை. இங்கே ஒரு திட்டு ஒரு திசையில், பக்கத்துத் திட்டு வேறு திசையில் என்று சிதறிக் கிடக்கும். அவற்றை ஒரு திசைக்குக் கொண்டுவரும் வழிகளில் ஒன்றுதான் மின்புலம்.

இவற்றில் மின்னூட்டமே இல்லையே, பிறகு மின்புலம் எதைப் பிடித்துத் திருப்புகிறது?

மின்காப்பு மாறிலியில் உள்ள வித்தியாசத்தை. பாலிஸ்டைரீனுக்கு அது சுமார் 2.5. அக்ரிலிக்குக்கு அறை வெப்பநிலையில் சுமார் 3.6. மின்புலத்துக்குத் தெரிவது இந்த இரண்டு எண்கள் மட்டுமே.

இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே இந்த அடுக்குகளை வைப்பதாக எடுத்துக்கொள்வோம். இரண்டு விதமாக வைக்கலாம். அலமாரியில் நிற்கும் புத்தகத்தின் பக்கங்கள்போல, அடுக்குகள் தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கலாம். அல்லது அந்தப் புத்தகத்தைப் படுக்க வைத்ததுபோலத் தகட்டோடு தகடாகப் படுத்திருக்கலாம். இனிமேல் இவற்றை நிற்கும் அடுக்கு, படுத்த அடுக்கு என்றே சொல்கிறேன்.

நிற்கும் அடுக்கு என்பது பக்க இணைப்பில் உள்ள மின்தேக்கிகள். சம தடிமன் என்றால், மொத்தப் பொருளின் மாறிலி இரண்டின் சாதாரண சராசரி: 2.5-உம் 3.6-உம் சேர்ந்து 3.05. படுத்த அடுக்கு என்பது தொடர் இணைப்பு. அதில் தலைகீழ்களின் சராசரியை எடுத்துத் திரும்பத் தலைகீழாக்க வேண்டும்: 2.95. எந்த இரண்டு எண்களை எடுத்தாலும், அவை சமமாக இல்லாதவரை, முதல் சராசரிதான் பெரியது. தகடுகளில் வோல்ட்டேஜ் மாறாமல் வைத்திருந்தால், மின்தேக்குதிறன் கூடும் பக்கம் போவதுதான் அமைப்புக்கு ஆற்றல் லாபம். ஆகவே அடுக்குகள் நிற்க விரும்புகின்றன, அதாவது அவற்றின் இடைமுகங்கள் (இரண்டு அடுக்குகள் தொட்டுக்கொள்ளும் பரப்புகள்) புலத்துக்கு இணையாக வர விரும்புகின்றன.

சராசரிக் கணக்கு மனதில் ஒட்டவில்லை என்றால் இடைமுகத்தைப் பாருங்கள். படுத்த அடுக்கில் புலக்கோடுகள் ஒவ்வொரு இடைமுகத்தையும் குறுக்கே கடக்கின்றன. கடக்கும் இடத்தில் முனைவாக்க மின்னூட்டம் சேர்கிறது, அதற்கு ஆற்றல் செலவு உண்டு. நிற்கும் அடுக்கில் புலம் இடைமுகத்தை ஒட்டியே ஓடுவதால் அங்கே மின்னூட்டம் சேர வேண்டிய தேவையே எழுவதில்லை.

நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றினால் அடுக்கு எதிர்ப்பக்கம் திரும்புமா?

திரும்பாது. ஆற்றல் புலத்தின் இருமடியைச் சார்ந்தது, அதில் குறி காணாமல் போய்விடும். மாறுதிசைப் புலம் போட்டாலும் அதே விளைவுதான். நிரந்தர முனைவாக்கம் கொண்ட சில ஸ்மெக்டிக்குகள் மட்டும் இதற்கு விலக்கு, அவை கீழே வருகின்றன.

இந்த விசை எவ்வளவு பெரியது?

அசாதாரணமாகச் சிறியது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே கணக்குப் போடுவோம்.

மேலே கண்ட இரண்டு சராசரிகளின் வித்தியாசம் 0.1. ஒரு மைக்ரோமீட்டருக்கு 10 வோல்ட் என்ற வலுவான புலத்தை எடுத்துக்கொள்வோம். இந்தப் புலத்தில் நிற்பதற்கும் படுப்பதற்கும் உள்ள ஆற்றல் வித்தியாசம் ஒரு கன மீட்டருக்கு சுமார் 44 ஜூல். இதை ஒரு தனி மூலக்கூறுக்குப் பிரித்துப் பாருங்கள். மூலக்கூறு எடை 50,000 உள்ள ஒரு சங்கிலி சுமார் 75 கன நானோமீட்டர் இடத்தை எடுக்கும். அதன் பங்குக்குக் கிடைக்கும் ஆற்றல், 170 டிகிரி செல்சியஸில் வெப்ப அதிர்வு தரும் ஆற்றலில் ஏறக்குறைய 1,800-இல் ஒரு பங்கு. அதாவது தனி மூலக்கூறுக்கு இந்தப் புலம் இருப்பதே தெரியாது.

ஆனால் அடுக்குகள் தனித்தனி மூலக்கூறுகளாகத் திரும்புவதில்லை, ஒரு திட்டு மொத்தமாகத் திரும்புகிறது. சுமார் 50 நானோமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத் திட்டு இருந்தாலே வெப்ப ஆற்றலுக்குச் சமமாகிவிடும். ஒரு மைக்ரோமீட்டர் பக்கமுள்ள திட்டு என்றால் அதன் 7,000 மடங்குக்கு மேல். புலம் வெல்வது எண்ணிக்கையால்தான். எத்தனை மூலக்கூறுகள் ஒன்றாகக் கைகோத்திருக்கின்றன என்பதே தீர்மானிக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அக்ரிலிக் சூடாகி இளகும்போது அதன் முனைவுள்ள பகுதிகள் எளிதாகத் திரும்புவதால் மாறிலி உயர்கிறது. 160, 170 டிகிரியை ஒட்டிய கணக்குகளில் அதை 6 என்று எடுப்பதுண்டு. அப்போது சராசரிகளின் வித்தியாசம் 0.1 அல்ல, சுமார் 0.7. ஒரே அடியில் ஏழு மடங்கு லாபம்.

விசை போதுமென்றால், புலத்தை எந்த நேரத்தில் போட்டாலும் சரிதானா?

இல்லை. எப்போது போடுகிறோம் என்பது எவ்வளவு போடுகிறோம் என்பதைவிட முக்கியம் என்றே நான் சொல்வேன்.

நன்றாகப் பிரிந்து, அடுக்குகள் கெட்டிப்பட்டுவிட்ட பிறகு புலத்தைப் போட்டால் எதுவும் அசையாமல் கிடக்கலாம். நிற்பது ஆற்றலில் லாபம்தான், ஆனால் அங்கே போய்ச்சேர வழியில்லை. நடுவில் அடுக்குகளை உடைக்க வேண்டும், மறுபடி ஒட்ட வேண்டும், பாகுத்தன்மை மிகுந்த உருகல் வழியே எல்லாம் நகர வேண்டும். இதற்கு மாறாக, கோபாலிமரை அடுக்குகளே இல்லாத கலந்த நிலைக்குச் சூடாக்கி, புலத்தைப் போட்டபடியே மெல்லக் குளிர்வித்தால், அடுக்குகள் பிறக்கும்போதே சரியான திசையில் பிறக்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் அமண்ட்சனும் சகாக்களும் பாலிஸ்டைரீன்–அக்ரிலிக் கோபாலிமரில் இதைத்தான் செய்தார்கள். ஒழுங்கு தோன்றும் வெப்பநிலையைப் புலத்தோடு கடந்து வந்தபோது அடுக்குகள் நன்றாக வரிசைப்பட்டன. பாலிமர் அடுக்குகளை மின்புலத்தால் ஆளும் ஆய்வு வேகம்பிடித்தது அந்தக் கட்டுரைகளுக்குப் பிறகுதான்.

ஆனால் எல்லாக் கோபாலிமரையும் அப்படிச் சூடாக்க முடியாது. பலவற்றில் கலந்த நிலையை எட்டுவதற்கு முன்பே சங்கிலி சிதைந்துவிடும். அங்கே கரைப்பான் உதவுகிறது. டொலுயீன் போன்ற ஒன்றில் கரைத்தால் பாகுத்தன்மை விழுகிறது, அடுக்குகளின் பிடிவாதமும் தளர்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு: இரண்டு அடுக்குகளிலும் ஒரே கரைப்பான் புகுவதால் அவற்றின் மாறிலி வித்தியாசமும் குறையும்.

திரும்பும்போது உள்ளே என்ன நடக்கிறது?

இதை நேரடியாகப் பார்த்தது 2002-இல் வெளியான ஒரு ஆய்வு. ஜெர்மனியின் பைராய்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூக்கர், கிராவுஷ் குழுவினர் பாலிமர் கரைசலைப் புலத்தில் வைத்து, சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியிலிருந்து வரும் வலுவான எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, நிகழ நிகழவே அளந்தார்கள். இரண்டு வழிகள் தெரியவந்தன.

இரண்டு வகைச் சங்கிலிகளும் அரைமனதோடு பிரிந்திருக்கும்போது, திட்டுகளின் எல்லைகள் நகர்கின்றன. சரியான திசையில் இருக்கும் திட்டு வளர்கிறது, தவறான திசையில் இருப்பது அதற்கு இடங்கொடுத்துச் சுருங்குகிறது. யாரும் திரும்புவதே இல்லை. பிரிவு வலுவாக இருக்கும்போதோ எல்லைகள் எளிதில் நகராது, திட்டு முழுதாகச் சுழல்கிறது. சோதனையில் இரண்டையும் பிரித்தறிவது எளிது. முதல் வழியில் பழைய திசையின் எக்ஸ் கதிர்ச் சிகரம் இருந்த இடத்திலேயே மங்க, புதிய இடத்தில் வேறொன்று எழும். இரண்டாவதில் சிகரமே நகர்ந்து போகும்.

குறைபாடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடுக்கு பாதியில் நின்றுபோகும் இடங்கள், மடங்கும் இடங்கள் எல்லாம் கேடு என்றுதான் பொதுவாக நினைப்போம். இங்கே மாற்றம் தொடங்குவதே அவற்றிலிருந்துதான். ஒரு குறையும் இல்லாமல் படுத்திருக்கும் அடுக்குக்கு, சரியாக நேர்க்குத்தாக வரும் புலத்தில் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாது. அதன்மேல் வரும் முறுக்குவிசை சுழி. அங்கங்கே ஒரு குறைபாடோ சிறு அலையோ இருந்தால்தான் புலத்துக்குப் பிடிமானம் கிடைக்கிறது.

மெல்லிய படலத்தில் மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை?

பரப்பு குறுக்கே நிற்கிறது. கோபாலிமரின் இரண்டு பகுதிகளில் ஏதாவது ஒன்றுக்குத் தகட்டின்மேல் விருப்பம் அதிகம். அந்தப் பகுதி தகட்டை மூடிக்கொண்டால் முதல் அடுக்கு படுத்துவிடும். அதன்மேல் அடுத்தது, அதற்குமேல் அடுத்தது என்று எல்லாம் படுத்துவிடும்.

புலம் தரும் ஆற்றல் படலத்தின் கனஅளவுக்கு ஏற்பக் கூடுகிறது, பரப்பின் பிடிப்போ பரப்பளவுக்கு மட்டும். படலம் மெலியும்போது பரப்பின் கை ஓங்குகிறது. எண்ணில் சொன்னால், 10 வோல்ட் புலத்தின் 44 ஜூலை ஒரு மைக்ரோமீட்டர் படலத்துக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 0.044 மில்லிஜூல்தான் வருகிறது. புலத்தை மைக்ரோமீட்டருக்கு 40 வோல்ட்டாக்கினால் பதினாறு மடங்கு, அதாவது 0.7 மில்லிஜூல். பரப்புகளின் விருப்பு வெறுப்பும் பல நேரங்களில் இந்த அளவில்தான் இருக்கும் என்பதால், ஒரு குறிப்பிட்ட புலத்துக்குக் கீழே எதுவும் நடக்காது. அந்த எல்லைப் புலம், படலத் தடிமனின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது.

எல்லையைத் தாண்டியதும் மொத்தமாக எழுந்து நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பரப்பின் பிடிப்பு வலுவாக இருந்தால், நடுவில் அடுக்குகள் நின்றபடி, தகட்டை ஒட்டி மட்டும் ஓரிரண்டு அடுக்கு படுத்தபடி ஒரு சமரச நிலை வரும். கோட்பாட்டில் சோரியும் ஆண்டெல்மனும் இதைக் கணக்கிட்டார்கள். சோதனைகளிலும் இத்தகைய கலப்பு நிலை தென்பட்டிருக்கிறது. இதைத் தவிர்க்க நல்ல வழி, புலத்தைக் கூட்டுவதைவிட, தகட்டின்மேல் இரண்டு பகுதிகளுக்கும் சமமான விருப்பம் வரும்படி ஒரு நடுநிலைப் பூச்சு போடுவது. அதைச் செய்துவிட்டால் சில நேரங்களில் புலமே தேவைப்படாது என்பது வேறு கதை.

தொலைக்காட்சித் திரையின் திரவப் படிகத்துக்கு ஓரிரு வோல்ட் போதும் என்கிறார்களே?

அது நெமாட்டிக். அதில் அடுக்கு இல்லை, மூலக்கூறுகளின் பொதுத் திசை மட்டும் உண்டு. அந்தத் திசையை வளைப்பது மிக எளிது. ரஷ்ய இயற்பியலாளர் ஃபிரெடெரிக்ஸ் பெயரால் வழங்கும் மாற்றம் இதுதான்: ஒரு குறிப்பிட்ட வோல்ட்டேஜுக்குக் கீழே ஒன்றும் நடக்காது, தாண்டியதும் மூலக்கூறுகள் சாயத் தொடங்கும். ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரேயின் குழு 1970-களில் உருவாக்கிய சயனோபைஃபீனைல் வகைக்கு இது ஒரு வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. தகடுகளின் இடைவெளி என்னவாக இருந்தாலும் அதே வோல்ட்டேஜ்தான்.

அதே மூலக்கூறுகளைக் குளிர்வித்து ஸ்மெக்டிக்காக்கினால் நிலைமை மாறிவிடும். இப்போது திசையை வளைக்க வேண்டுமென்றால் அடுக்குகளின் இடைவெளியையே மாற்ற வேண்டும், அதற்கு அடுக்குகள் சம்மதிக்காது. படுத்த அடுக்குகளை எழுப்ப முயன்றால், அவை முதலில் நெளிநெளியாக அலைபோல் மடிகின்றன. இந்த நெளிவு நிலையின்மையை ஹெல்ஃபிரிஷும் யூரோவும் விளக்கினார்கள். அதற்கு வேண்டிய வோல்ட்டேஜ், 10 மைக்ரோமீட்டர் இடைவெளியில் தோராயமாக நூறு வோல்ட்டை ஒட்டி வரும். ஒன்றுக்கும் நூறுக்கும் உள்ள அந்தத் தூரத்தை அடுக்குகளின் விறைப்புக்கான விலை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்மெக்டிக் அடுக்குகள் புலத்துக்குக் குறுக்காக அமைவதாகப் படித்தேன். மேலே சொன்னதற்கு இது நேர்மாறாக இருக்கிறதே?

நியாயமான சந்தேகம், பலரும் தடுமாறும் இடமும் இதுதான். பிளாக் கோபாலிமரில் வித்தியாசம் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் தன்னளவில் எந்தத் திசையில் பார்த்தாலும் ஒன்றுதான். அதனால் இடைமுகம் புலத்துக்கு இணையாகிறது, அடுக்கு நிற்கிறது.

ஸ்மெக்டிக்கில் எல்லா அடுக்கும் ஒரே பொருள். வித்தியாசம் மூலக்கூறுக்கு உள்ளேயே இருக்கிறது: நீளவாக்கில் ஒரு மாறிலி, குறுக்குவாக்கில் வேறொன்று. நீளவாக்கு மாறிலி பெரிதாக இருந்தால் மூலக்கூறு புலத்தின் திசையில் நிற்கும். ஸ்மெக்டிக் ஏ வகையில் மூலக்கூறு அடுக்குக்குச் செங்குத்து. ஆகவே மூலக்கூறு நின்றால் அடுக்கு படுக்கும்! குறுக்குவாக்கு மாறிலி பெரிதான பொருளில் எல்லாம் தலைகீழ். எனவே "மின்புலத்தில் அடுக்கு எப்படி அமையும்?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தப் பொருள், வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

அடுக்குகளை அப்படியே விட்டுவிட்டு மூலக்கூறுகளை மட்டும் திருப்ப முடியுமா?

முடியும், அதுதான் ஃபெர்ரோஎலக்ட்ரிக் ஸ்மெக்டிக் சி. அடுக்குக்குள் சாய்ந்து நிற்கும், இடம்–வலம் பேதமுள்ள மூலக்கூறுகளுக்கு நிரந்தர முனைவாக்கம் வரும் என்று ராபர்ட் மேயர் 1970-களின் நடுவில் காட்டினார். 1980-இல் கிளார்க்கும் லாகர்வாலும் சில மைக்ரோமீட்டர் இடைவெளியில் அதை அடைத்து, மைக்ரோவினாடிகளில் இரு நிலைகளுக்கு இடையே புரட்டினார்கள். இங்கே புலத்தின் குறி முக்கியம்: நேர்ப்புலத்துக்கு ஒரு பக்கச் சாய்வு, எதிர்ப்புலத்துக்கு மறுபக்கம். அடுக்குகள் இடத்தை விட்டு அசையாததால்தான் இந்த வேகம்.

நேர்த்திசை மின்னழுத்தமா, மாறுதிசையா?

பொருளில் உள்ள அயனிகளைப் பொறுத்தது. எவ்வளவு சுத்தம் செய்தாலும் தயாரிப்பின் மிச்சமாகக் கொஞ்சம் அயனிகள் தங்கத்தான் செய்யும்.

நேர்த்திசைப் புலத்தில் அவை மெல்ல நகர்ந்து தகடுகளில் போய்க் குவியும். குவிந்ததும் உள்ளே இருக்கும் புலம் குறைகிறது. மீட்டரில் 2,000 வோல்ட் காட்டும், அடுக்குகளுக்கு அதில் சிறு பகுதிதான் போய்ச்சேரும். தகட்டில் வேதிவினையும் நடக்கலாம். வேகமான மாறுதிசைப் புலத்தில் அயனிகளுக்கு நகர நேரமில்லை, தூய மின்காப்புக் கணக்கு மட்டும் செல்லும்.

இரண்டுக்கும் நடுவேதான் சுவாரசியமான பகுதி. அயனிகள் ஒரு வகை அடுக்கில் மட்டும் இருந்தால், மெதுவான புலத்தில் அந்த அடுக்கு கடத்தியாக நடந்துகொள்ளும், மற்றது காப்பானாக. மாறிலியில் 2.5-க்கும் 3.6-க்கும் உள்ள சிறு வித்தியாசம் எங்கே, கடத்திக்கும் காப்பானுக்கும் உள்ள வித்தியாசம் எங்கே! திருப்பும் விசை பெரிதாகக் கூடுகிறது. 2003-இல் சோரி, டூர்னிலாக், ஆண்டெல்மன், லைப்லர் ஆகியோர் இதைக் கோட்பாடாக முன்வைத்தார்கள். பின்னர் அக்ரிலிக் பகுதியில் லித்தியம் உப்பைச் சேர்த்துச் செய்த சோதனைகளில், முன்பு அசைய மறுத்த படலங்கள் எழுந்து நின்றன. குப்பை என்று ஒதுக்கிய அயனியே உதவிக்கு வந்தது.

மெதுவான புலம் என்றால் எவ்வளவு மெது? கடத்துதிறனை விடுதிறனாலும் (மின்காப்பு மாறிலியை வெற்றிடத்தின் விடுதிறனால் பெருக்கிய எண்), அதை மறுபடி இரண்டு பையாலும் வகுத்தால் எல்லை அதிர்வெண் கிடைக்கும். கடத்துதிறன் மீட்டருக்கு நூறு கோடியில் ஒரு சீமென்ஸ், மாறிலி 4 என்றால் விடை சுமார் 4.5 ஹெர்ட்ஸ். அதற்கு வெகு மேலே போனால் அயனிகளின் உதவி கிடைக்காது.

நீர் கலந்த அடுக்குகளில் வித்தியாசம் மிகப் பெரிதாயிற்றே, அங்கே எளிதாக இருக்குமா?

தாளில் அப்படித்தான் தெரியும். நீருக்கு 80, எண்ணெய்ப் பகுதிக்கு 2. நிற்கும் அடுக்குக்கு 41, படுத்ததற்கு 4-க்கும் குறைவு. பாலிமரின் 0.1 இதன் முன் தூசு.

நடைமுறையில் நீர் மின்சாரத்தைக் கடத்துகிறது. லிட்டருக்கு அரை கிராம் உப்பு கலந்த நீரில் மைக்ரோமீட்டருக்கு வெறும் 0.1 வோல்ட் புலம் போட்டால் உண்டாகும் வெப்பம், வினாடிக்கு 200 டிகிரிக்கு மேல் சூடேற்றப் போதுமானது. மின்னாற்பகுப்பும் சேர்ந்துகொள்ளும். ஆகையால் இங்கே தூய நீர், குறைந்த புலம், மாறுதிசை என்றுதான் வேலை செய்வார்கள். இதில் பெரிதும் பயன்பட்ட முறை 1986-இல் ஆஞ்செலோவாவும் டிமிட்ரோவும் தந்தது. தகட்டில் காய்ந்த கொழுப்பு அடுக்குகளை நீரில் நனைத்துப் புலம் போட்டால், அவை உப்பிப் பிரிந்து, பத்துக்கணக்கான மைக்ரோமீட்டர் விட்டமுள்ள குமிழ்களாகின்றன. இப்போது பொதுவாகச் சில வோல்ட்டுக்குள், 10 ஹெர்ட்ஸ் அளவு மாறுதிசைப் புலத்தைப் பயன்படுத்துகிறார்கள். செல் சவ்வைப் பற்றிப் படிப்பவர்களுக்கு இது அன்றாட வேலை.

ஒரே புலத்தால் முழு ஒழுங்கு வருமா?

வராது. புலம் சொல்வது "நில்" என்பதை மட்டுமே. எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று அது சொல்வதில்லை. புல அச்சைச் சுற்றி எந்தக் கோணத்தில் நின்றாலும் ஆற்றல் ஒன்றுதான். ஆக நின்ற அடுக்குகள் மேலிருந்து பார்த்தால் கைரேகைபோல் வளைந்து வளைந்து கிடக்கும். அதையும் நேராக்க இரண்டாவது ஒரு திசை வேண்டும்: முதலில் வெட்டு ஓட்டம் (பொருளின் ஒரு பக்கத்தை மறுபக்கத்தின்மேல் வழுக்கித் தள்ளுவது), பிறகு புலம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுப்பார்கள்.

நூல்போன்ற உருளைகளாக அமையும் கோபாலிமரில் இந்தக் குழப்பம் இல்லை. உருளையின் அச்சு புலத்தோடு சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது.

செய்து பார்க்கும்போது எங்கெங்கே தவறு வரும்?

முதல் எதிரி காற்று இடைவெளி. தகட்டுக்கும் மாதிரிக்கும் நடுவே காற்று இருந்தால், மாறிலி 3 உள்ள பொருளைவிடக் காற்றில் புலம் மூன்று மடங்கு இருக்கும். மில்லிமீட்டர் அளவு இடைவெளிகளில் காற்று மைக்ரோமீட்டருக்கு சுமார் 3 வோல்ட்டில் பொறி விட்டுவிடும். பொருளுக்கு 1 வோல்ட் கூடக் கொடுக்க முடியாது என்று அர்த்தம். மேல்தகட்டை மாதிரியோடு இறுக ஒட்டுவதற்குத்தான் பாதி உழைப்பு போகிறது.

அப்படியும் மேற்பரப்பைத் திறந்துவைத்தால் வேறொரு வேடிக்கை நடக்கும். படலத்தின் பரப்பே புலத்தால் இழுக்கப்பட்டு, தூண்கள் தூண்களாக மேல்தகட்டை நோக்கி வளரும். ஷாஃபர், ஸ்டைனர், ரஸ்ஸல் முதலியோர் 2000-இல் இதையே ஒரு வடிவமைப்பு முறையாகக் காட்டினார்கள். அடுக்கைத் திருப்பப் போனவருக்கு அது தலைவலி.

மொத்தமான மாதிரிக்கு வோல்ட்டேஜும் கவனிக்க வேண்டியது. ஒரு மில்லிமீட்டர் தடிமனில் மைக்ரோமீட்டருக்கு 2 வோல்ட் வேண்டுமென்றால் 2,000 வோல்ட். அதைச் சூடான அடுப்புக்குள் கொண்டுபோக வேண்டும். மின்னோட்ட வரம்பு இல்லாத மின்வழங்கியைப் பயன்படுத்தவே கூடாது.

திரும்பிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

சிறுகோண எக்ஸ் கதிர்ச் சிதறல்தான் முதல் கருவி. சிதறிக் கிடக்கும் மாதிரி முழு வட்ட வளையம் தரும், வரிசைப்பட்டது எதிரெதிராக இரண்டு பிறைகள் தரும். பிறை எவ்வளவு குறுகலோ அவ்வளவு ஒழுங்கு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நேரடியாகவும் பார்க்கலாம், ஆனால் வெட்டிப் பார்த்த இடம் மாதிரி முழுவதற்கும் சாட்சி சொல்லாது. மின்தேக்குதிறனை அளப்பது மலிவான வழி: அடுக்குகள் எழ எழ அது கூட வேண்டும் என்பது மேலே போட்ட சராசரிக் கணக்கிலேயே இருக்கிறது.

காந்தப்புலத்தால் இதையே செய்யக் கூடாதா?

செய்யலாம், செய்கிறார்கள். காந்தத்துக்குப் பொறி, அயனி, தகடு எதுவும் தொல்லையில்லை. ஆனால் பெரும்பாலான கரிமப் பொருட்களின் காந்த வித்தியாசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். 5 டெஸ்லா காந்தம் வைத்தாலும் கன மீட்டருக்கு 10 ஜூல் கிடைக்கும். அதோடு, வேலை நடப்பது மூலக்கூறு தானே காந்த வித்தியாசம் காட்டும் பொருட்களில். பாலிஸ்டைரீன்–அக்ரிலிக் போன்ற சாதாரணச் சோடிக்கு மின்புலமே பொருத்தம்.

இதனால் என்ன பயன்?

பேர்பெற்ற எடுத்துக்காட்டு 2000-இல் வந்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தூர்ன்-ஆல்பிரெக்ட், ரஸ்ஸல் உள்ளிட்டோர் மின்புலத்தால் உருளைகளை நிமிர்த்தி, அக்ரிலிக்கைப் புறஊதாக் கதிரால் சிதைத்துக் கழுவியெடுத்து, அந்தத் துளைகளில் கோபால்ட்டை நிரப்பினார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 19,000 கோடிக்கும் மேல் நானோ கம்பிகள். அயனியைக் கடத்தும் பாலிமர் படலங்களிலும் இதே தேவை உண்டு: கடத்தும் அடுக்கு நின்றால்தான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வழி கிடைக்கும், படுத்தால் அடைப்பு.

சில்லு தயாரிப்பில் மின்புலம் இடம்பிடிக்கவில்லை. அங்கே பரப்பிலேயே வேதி வரிகளையோ பள்ளங்களையோ முன்கூட்டி வரைந்து அடுக்கை வழிநடத்தும் முறைதான் முன்னால் போனது. காரணமும் புரிகிறது: ஒவ்வொரு வரியும் எங்கே வர வேண்டும் என்று பரப்பால் சொல்ல முடியும், புலத்தால் திசையை மட்டும்தான் சொல்ல முடியும். தடிமனான படலம், பெரிய பரப்பு, திசை ஒன்றே போதும் என்ற இடங்களில் புலத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது என்பது என் எண்ணம்.

புலத்தை நிறுத்திவிட்டால் பழையபடி ஆகிவிடுமா?

நெமாட்டிக்கில் ஆகிவிடும். தகட்டின் பிடிப்பு உடனே திரும்ப இழுத்துவிடும், திரை வேலை செய்வதே அப்படித்தான். ஸ்மெக்டிக் ஏ அப்படியே நின்றுவிடும், எழுதியதை மின்சாரமில்லாமல் வைத்திருக்கும் திரைகளுக்கு அதனால்தான் அது முயலப்பட்டது. பாலிமரில் வரிசை முக்கியம்: புலம் இருக்கும்போதே பாலிஸ்டைரீன் இறுகும் 100 டிகிரிக்குக் கீழே குளிர்வித்துவிட்டு, அதற்குப் பிறகே மின்சாரத்தை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போதே நிறுத்தினால், மெல்லிய படலமாக இருக்கும் பட்சத்தில், பரப்பு தன் பக்கத்து அடுக்குகளை மறுபடி படுக்கவைக்கத் தொடங்கிவிடும்.